பாய்மரப் படகில் கேஸ் சிலிண்டரை எங்கே வைப்பது? அடுப்புக்குக் கீழேயே வைத்தால் என்ன?

வைக்கவே கூடாது. எனக்கு முன்னால் பதில் சொன்ன ஒருவர், "வீட்டில் காலம் காலமாக அடுப்புக்குக் கீழேதான் வைக்கிறோம், என்ன ஆகிவிட்டது?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஆதரவு வாக்குகள் வேறு. அதைப் படித்த பிறகு சும்மா படுக்க முடியவில்லை.

நான் மலேசியாவின் லங்காவித் தீவில் பாய்மரப் படகுகளில் கேஸ் லைன், தண்ணீர் லைன் வேலை செய்கிறவன். படகைச் சோதித்துச் சான்று தரும் சர்வேயர் இல்லை, பட்டமும் கிடையாது. "நீ யார் சொல்ல?" என்று வரப்போகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. பழைய ஐரோப்பியப் படகு ஒன்று வாங்கியிருப்பீர்கள். அதன் கேஸ் லாக்கர், அதாவது சிலிண்டர் வைக்கும் பெட்டி, அவர்கள் ஊர்ச் சின்ன சிலிண்டருக்குச் செய்தது. நம் கடைகளில் கிடைக்கும் 14 கிலோ அதில் இறங்காது. சரி, உள்ளே அடுப்புக்குக் கீழே இடம் இருக்கிறதே என்று தோன்றியிருக்கும்.

வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு, ஜன்னல் என்று கேஸ் வெளியேற ஏதோ ஒரு வழி உண்டு. படகின் உடம்பு தண்ணீர் புகாத தொட்டி. வெளியிலிருந்து தண்ணீர் வராது, உள்ளே இறங்கிய கேஸும் போகாது. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. நம் ஊர் கேஸ் இரண்டும் கலந்தது. கசிந்தால் நேராக படகின் அடிப்பள்ளமான பில்ஜில் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். பில்ஜ் பம்பு, எஞ்சின் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று தீப்பொறி கிளப்பக்கூடியவை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். கேஸ் கீழே கிடக்கிறது, உங்கள் மூக்கு மேலே இருக்கிறது, நடுவில் டீசல் வாடை.

அதனால் சிலிண்டருக்குத் தனி லாக்கர். மேல்பக்கம் மட்டும் மூடி, அறைப் பக்கம் காற்றுகூடப் போகாத அடைப்பு, அடியிலிருந்து படகுக்கு வெளியே ஒரு வடிகுழாய். அமெரிக்கப் படகுத் தரச் சங்கமான ஏபிஒய்சியின் விதிப்படி அந்தக் குழாயின் உள்விட்டம் குறைந்தது அரை அங்குலம். ஐரோப்பாவில் பின்பற்றும் ஐஎஸ்ஓ 10239 தரம் கேட்பது 19 மில்லிமீட்டர். அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஜன்னல், வென்டிலேட்டர் எதற்கும் 20 அங்குலத்துக்குள் வராமல் இருக்க வேண்டும். லாக்கருக்குள் கயிறு, பெயின்ட் டின் என்று எதையும் திணிக்காதீர்கள்.

ஆனால் லாக்கர் இருந்தால் மட்டும் போதாது. இலங்கைக்கும் அங்கிருந்து மாலத்தீவுக்கும் போகத் தயாரான ஒரு தம்பதி, ரெகுலேட்டரை மாற்றிக் கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அலுமினிய சிலிண்டர், மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு, கேஸ் அலாரம் என்று எல்லாமே இருந்தது; சர்வேயர் கையெழுத்துப் போட்ட பேப்பரையும் எடுத்துக் காட்டினார்கள். என் வழக்கப்படி லாக்கருக்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் அசையவில்லை, சிலிண்டரின் அடிவளையத்தைச் சுற்றி அப்படியே நின்றது.

படகு கரையில் ஏற்றியிருந்தது. கீழே இறங்கி வடிகுழாயின் வாயில் கம்பியை விட்டால் மண் உதிர்கிறது. குளவிக்கூடு! உள்ளே அறை அறையாகச் சிலந்திகள், சில இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. அதை எடுத்த பிறகும் தண்ணீர் முழுதாக இறங்கவில்லை. குழாய் நடுவில் தொய்ந்து, அந்த வளைவில் பழைய மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கசிகிற கேஸுக்கு அதைத் தள்ளிக்கொண்டு போகும் வேகம் கிடையாது.

அடுத்து பிரஷர் மீட்டர் சோதனை. அடுப்பை மூடி, சொலினாய்டைப் போட்டு, சிலிண்டரைத் திறந்து, முள் ஏறியதும் சிலிண்டரை மட்டும் மூட வேண்டும். மூன்று நிமிஷம் முள் நகரக் கூடாது. இங்கே கண்ணெதிரே இறங்கியது. சோப்புத் தண்ணீர் தடவினேன், ரெகுலேட்டர் இணைப்பில் குமிழி குமிழியாக வந்தது. ஹோஸ் அறைக்குள் போகும் ஓட்டையில் சீலன்ட் வெடித்திருந்தது. அப்படியானால் அந்த கேஸ் எங்கே போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அலாரம் ஏன் கத்தவில்லை என்று கேட்டேன். ராத்திரியில் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அந்த அம்மா ஃபியூஸைக் கழற்றி வைத்திருந்தாராம்.

இத்தனையும் சரிசெய்து கொடுத்த பிறகு கூலியில் பேரம். கடல் வரைபடம் காட்டும் புது சார்ட்பிளாட்டருக்குப் பணம் இருக்கும், கேஸ் ஹோஸுக்கு இருக்காது. இந்தக் கூலியிலும் ஒரு மரினாவில் (படகுகள் நிறுத்தும் துறையில்) எங்களைப் போன்றவர்கள் உள்ளே நுழையவே தினக்கட்டணம் பிடிக்கிறார்கள். படகுக்காரரின் நண்பர்கள் பீர் பெட்டியோடு இலவசமாகப் போகலாம், ஸ்பேனரோடு போகிறவன் காசு கட்ட வேண்டும்! கேட்டால் 'இன்சூரன்ஸ்' என்கிறார்கள். என்ன இன்சூரன்ஸோ. சரி, நீங்கள் கேட்டது இதுவல்ல.

லாக்கரில் நுழையாத 14 கிலோவை மறந்துவிடுங்கள். நுழைகிற அளவில் சின்னதாக வாங்குங்கள். இல்லையென்றால் பின்பக்கக் கம்பிவேலிக்கு வெளியே, கசிந்தால் நேரே கடலில் விழும்படி, நிமிர்த்தி இறுக்கிக் கட்டலாம். வெயிலுக்குக் காற்றோட்டமான உறை போடுங்கள். இரும்பு சிலிண்டர் என்றால் அடிவளையத்தில் துரு பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். கடற்கரையில் ஒரு சிலிண்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு இன்னொன்றில் இறக்கிக்கொள்கிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் வெயிலில் திரவம் விரிய இடமில்லாமல் சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும்.

"இன்டக்‌ஷன் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று ஒருவர் வருவார். பெரிய லித்தியம் பேட்டரிக்கு வசதி இருந்தால் தாராளமாகப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. "மீன்பிடிப் படகில் அப்படியே வைக்கிறார்களே" என்று இன்னொருவர் வருவார். நான் பார்த்த படகுகளில் திறந்த தளத்தில் சமைக்கிறார்கள் ஐயா, மூடிய அறைக்குள் இல்லை.

உங்கள் லாக்கரின் உள்ளளவையும் வடிகுழாய் எங்கே திறக்கிறது என்பதையும் கீழே எழுதுங்கள். எந்த சிலிண்டர் இறங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை சிலிண்டரை அறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.