பார்சலுக்கு 1.99 ரிங்கிட் கட்டச் சொல்லி வரும் குறுஞ்செய்தியை நம்பலாமா?

வேண்டாம், இணைப்பைத் தொடாதீர்கள். பினாங்கு, கோலாலம்பூர் என்று எங்கும் சுற்றும் இந்தச் செய்திக்கு அந்த 1.99 ரிங்கிட் முக்கியமே இல்லை. குறி உங்கள் கார்டு எண்ணும், பின்பக்க மூன்று இலக்கமும், கடைசியாக டேக் (TAC) எண்ணும்தான், அதாவது பணம் செலுத்துவதை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் எண். போலிப் பக்கத்தில் நீங்கள் தட்டத் தட்ட, மறுமுனையில் இருப்பவர் அதே விவரத்தால் பெரிய தொகைக்கு வேறெங்கோ பொருள் வாங்குவார். டேக் செய்தியை முழுதாகப் படியுங்கள். எங்கே, எவ்வளவு என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அவசரத்தில் எண்ணை மட்டும் பார்ப்பதால்தான் பணம் போகிறது.

மின்னஞ்சல் இணைப்பில், இரட்டைச் சாய்கோட்டுக்குப் (//) பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் (/) தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் பெயரே தளத்தின் உண்மையான பெயர். வங்கியின் பெயர் தொடக்கத்தில் மட்டும் இருந்தால் போலி. பூட்டுச் சின்னத்தை நம்ப வேண்டாம், போலித் தளங்களிலும் அது உண்டு.

வருமான வரியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி கார்டு எண் கேட்டாலும் நம்பாதீர்கள், அதற்குக் கார்டு எண் தேவையில்லை. பதிவான வங்கிக் கணக்கிலேயே போடுவார்கள்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) கல்யாண அழைப்பிதழ் என்று ஏ.பி.கே. கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) வந்தால், உறவினர் அனுப்பியிருந்தாலும் நிறுவாதீர்கள். அது உங்கள் குறுஞ்செய்திகளையே படித்துவிடும். நிறுவிவிட்டீர்களா? இணையத்தைத் துண்டித்து, வேறு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. போலீஸ் புகாரும் அவசியம்.