பெயிண்ட்டுக்கு மேல் எர்த்

கேள்வி: வெட் கிரைண்டர் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். ஆறு மாதமாக எர்த் ஒயரைப் பாடியோடு இணைக்கும் ஸ்குருவை, கரண்ட் கடத்தாத பவுடர் கோட்டிங் (பெயிண்ட்) மேலேயே முடுக்கி அனுப்பிவிட்டோம். “அடுத்த லாட்டில் சரிபண்ணிடலாம், விற்றதைப் பற்றிப் பேச வேண்டாம்” என்கிறார் மேனேஜர். மல்டிமீட்டர் வைத்தால் பீப் வருகிறதே, விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: அந்த பீப்பை நம்பாதீர்கள். மல்டிமீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். ஸ்குருவின் மரை ஓர் ஓரத்தில் தகட்டை உரசினாலே கத்திவிடும். வீட்டு மின்சாதனப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 302 கேட்பது வேறு: 12 வோல்ட்டுக்கு மேற்படாத சப்ளையில் 25 ஆம்பியர் (ரேட்டட் கரண்டின் ஒன்றரை மடங்கு இதைவிட அதிகமென்றால் அது) எர்த் முனைக்கும் கிரைண்டரின் உலோகப் பாடிக்கும் இடையே ஓட வேண்டும், தடை 0.1 ஓமைத் தாண்டக் கூடாது. குடோனில் இருந்து பத்து பீஸை எடுத்து அளந்து, சில மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள். அதிர்வில் இளகும் ஸ்குரு இரண்டாவது அளவில்தான் மாட்டும். மோட்டார் வைண்டிங்கின் இன்சுலேஷன் போய் ஃபேஸ் (லைவ்) கரண்ட் பாடிக்கு வந்தால், எர்த்தில் தாராளமாகக் கரண்ட் ஓடினால்தான் ஃபியூஸ் போகும். இல்லையென்றால் மாவு வழிக்கிற ஈரக் கைக்கு 230 வோல்ட்.

தீர்வு எளிது: கோட்டிங் படாமல் அந்த இடத்தை முன்பே மூடி (மாஸ்க் செய்து), ரிங் லக் (ஒயர் முனை வளையம்), ஸ்டார் வாஷர் (பல் வாஷர்), இளகாத லாக் நட் போடுவது. சத்தமில்லாமல் செய்வதில்தான் வினையே. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சாவி ஸ்விட்ச் லேசாகத் திரும்பிவிடும்; கனமான சாவிக்கொத்து ஆடினாலே என்ஜின் அணைந்து, ஏர்பேக்கும் விரியாமல் போகும். 2006-ல் உள்ளே இருந்த பாகத்தை மாற்றினார்கள், பார்ட் நம்பரை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே நம்பர் என்பதால், விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்குக் காரணம் பிடிபடவே பல வருடங்கள் ஆயின. 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியே ஒப்புக்கொண்ட மரணங்கள் 124.

ஆகவே டிராயிங்கில் ரிவிஷன் ஏற்றுங்கள், பார்ட் நம்பரை மாற்றுங்கள். எந்த சீரியல் நம்பர் முதல் எதுவரை பழைய முறை என்பதையும், அளந்த ஓம் மதிப்புகளையும் மேனேஜருக்கும் குவாலிட்டி தலைவருக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். “ஆபத்தாகத் தெரிகிறது” என்று எழுதினால் ஓரங்கட்டிவிடுவார்கள். “பத்தில் நான்கு 0.1 ஓமைத் தாண்டின” என்பதுபோல் எண்ணோடு எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். விற்ற பீஸ்களுக்கு டீலர் மூலம் வீட்டிலேயே சரிசெய்து தருவதைப் பரிந்துரையுங்கள்.

கேள்வி: “எர்த் உள்ள சாக்கெட்டில் மட்டும் செருகவும்” என்று ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா?
– வாசகி, ஓசூர்

பதில்: போதாது. ஸ்டிக்கர் சுவர் சாக்கெட்டைப் பற்றிப் பேசுகிறது, கோளாறோ கிரைண்டரின் பாடிக்குள்.

கேள்வி: யாருக்காவது ஷாக் அடித்தால் வழக்கு கம்பெனி மேலா, இன்ஜினியர் மேலா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இழப்பீடு என்றால் பெரும்பாலும் கம்பெனி மேல்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 84-வது பிரிவு: உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, குறித்த அளவிலிருந்து விலகல், போதாத எச்சரிக்கை, எது இருந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. உயிர் போய்விட்டால் கதை வேறு. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன்படி ஐந்து வருடம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போவது மனிதன், கம்பெனி அல்ல. தெரிந்தும் கையெழுத்துப் போட்டவரை “மேனேஜர் சொன்னார்” என்ற பதில் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

கம்பெனிக்குள் கதவடைத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ எழுத்தில் புகார் தரலாம். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. தனியார் ஊழியருக்குச் சட்டப் பாதுகாப்பு இங்கே மெலிசுதான். அதனால் கம்பெனி டிராயிங்குகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள்; பேச்சு ஸ்குருவை விட்டு உங்கள் மீது திரும்பிவிடும். மாடல், சீரியல் வரிசை, நீங்கள் எழுதிய தேதி, இவை புகாருக்குப் போதும்.