ஜியோகேச்சிங் போகக் கையடக்க ஜிபிஎஸ் வாங்க வேண்டுமா, செல்போன் போதுமா?

கேள்வி: ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். வார இறுதிகளில் குழந்தைகளோடு ஜியோகேச்சிங் போக ஆசை. கையடக்க ஜிபிஎஸ் கருவி வாங்கித்தான் ஆக வேண்டுமா? மேப் மென்பொருளில் எதைப் பழகிக்கொள்வது நல்லது?

பதில்:

முதல் சில மாதங்களுக்குச் செல்போனே போதும். கருவிக்குப் பணம் போடுவதற்கு முன்னால் ஓரிரு மாலை நேரங்களை மேப்புக்குக் கொடுங்கள். இந்தப் பக்கத்துக் காடுகளில் பல வருடங்களாகக் கேச், அதாவது ஒளித்துவைத்த பெட்டி, தேடித் திரிகிறேன். பெட்டி கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில், நான் பார்த்தவரை, பெரும்பாலானோரிடம் இருந்தது நல்ல கருவிதான். எந்தப் பக்கமாகப் போய்ச் சேர்வது என்று முடிவு செய்யாமல் அம்புக்குறியின் பின்னால் நடந்ததுதான் அவர்களுக்குச் சிக்கலாகிவிட்டது.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் லாக் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தபடியே ஒளித்துவைத்துவிட்டு வருவார்கள்.

இந்த விளையாட்டு பிறந்ததே உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போகும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். உடனே மே 3ஆம் தேதி டேவ் அல்மர் என்பவர், போர்ட்லண்டுக்குத் தெற்கே பீவர்கிரீக் அருகில் ஒரு கறுப்பு வாளியைப் புதைத்துவைத்து, எண்களை இணையத்தில் போட்டார். சில நாளிலேயே அதை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். இப்போது அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. சாலையோரத்திலேயே இருப்பதால் குழந்தைகளோடு முதல் பயணமாக அங்கேதான் போகச் சொல்வேன். இன்னொரு காரணமும் உண்டு: எண்களைச் சரியாக உள்ளிடுவதற்கு அதை வைத்தே பழகிவிடலாம்.

அந்த இடத்தின் எண்கள் வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. ஜியோகேச்சிங்கில் எப்போதும் இந்த வடிவம்தான்: டிகிரி, அப்புறம் நிமிடம், நிமிடத்தின் பின்னத்தில் மூன்று தசமம். இங்கே வினாடி என்பதே கிடையாது. 17.460 என்பதை 17 நிமிடம் 46 வினாடி என்று உள்ளிட்டால் அரை கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போய் நிற்பீர்கள், ஏனென்றால் அது உண்மையில் 17 நிமிடம் 27.6 வினாடி. கூகுள் மேப்பில் தேடுவதற்கு 45.2910, -122.4133 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கருவியின் அமைப்புகளில் இடக்குறிப்பு வடிவத்தையும், டேட்டம் என்ற இடத்தில் டபிள்யூஜிஎஸ் 84 இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

அந்த மூன்றாவது தசமத்துக்கு எவ்வளவு மதிப்பு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அட்சரேகையில் ஆயிரத்தில் ஒரு நிமிடம் என்றால் சுமார் 1.85 மீட்டர். இங்கே 45 டிகிரிக்கு மேலே இருப்பதால் தீர்க்கரேகையில் அதே அளவு சுமார் 1.3 மீட்டர்தான். திறந்தவெளியில் நல்ல போனும் நல்ல கருவியும் மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் காட்டும். ஒளித்துவைத்தவரின் கருவிக்கும் அதே அளவு பிழை இருந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் எவ்வளவு செலவழித்தாலும் கடைசிப் பத்து மீட்டரைக் கண்ணால்தான் தேட வேண்டும். 'இந்தக் கருவி இன்னும் துல்லியம்' என்று கடையில் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

சரி, மேப்பில் என்ன இருக்கிறது? கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டாயம் போகப்போகிற இடம். ஆற்றின் இரு பக்கமும் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பாறைச் சுவர்கள். மல்ட்னோமா அருவி மட்டுமே 189 மீட்டர் விழுகிறது. இப்படிப்பட்ட நிலத்தில் அம்புக்குறி 'வலது பக்கம் 120 மீட்டர்' என்று காட்டும். அது காகம் பறக்கும் தூரம். அந்த 120 மீட்டருக்குள் செங்குத்தான பாறை இருக்கிறதா, ஓடை இருக்கிறதா என்று அம்புக்குறிக்குத் தெரியாது. மேப்பில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தால் அங்கே ஏற முடியாது என்று அர்த்தம். அதே மேப்பில் பாதை கொஞ்சம் தள்ளிப் போய், நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அந்தப் பாறைக்கு மேலே வந்து சேர்வதும் தெரியும். ஒரு கிலோமீட்டர் கூடுதலாக நடந்தால் பெட்டி பாதையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தூரம் குறையவில்லையே என்று பாதி வழியில் பாதையை விட்டு இறங்குவதுதான் ஆபத்து. இங்கே வழுக்குப் பாறையும் உண்டு, பாய்சன் ஓக் செடியும் உண்டு. மூன்று மூன்றாக இலை விடும் அந்தச் செடி பட்டால் தோல் கொப்பளித்து வாரக்கணக்கில் அரிக்கும். குழந்தைகளுக்கு முதலில் அதைக் காட்டிக் கொடுங்கள்.

அதனால் வேலை முந்தின நாள் இரவே வீட்டு மேசையில் தொடங்குகிறது. நான் செய்யும் முறை இதுதான். ஜியோகேச்சிங் தளத்தில் கட்டணச் சந்தா இருந்தால் 'பாக்கெட் கொயரி' என்று ஒரு வசதி கிடைக்கும். ஒரு பகுதியில் இருக்கும் கேச்களை, ஒரு தடவைக்கு 1000 வரை, ஒரே ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். விவரம், குறிப்பு, அண்மையில் போனவர்கள் எழுதிய லாக் எல்லாம் அதிலேயே வந்துவிடும். அந்தக் கோப்பை விண்டோஸ் கணினியில் ஜிசாக் என்ற மென்பொருளில் திறக்கிறேன். பார்ப்பதற்குப் பழைய காலத்து மென்பொருள் போல இருக்கும், ஆனால் கேச்களை வடிகட்டுவதில் இதற்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை. கடைசி இரண்டு மூன்று பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்கும் கேச்களை நீக்கிவிடலாம். தேடுவது எவ்வளவு கடினம், நிலப்பரப்பு எவ்வளவு கடினம் என்று ஒவ்வொரு கேச்சுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இருக்கும்; இரண்டும் 2க்குக் கீழே இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிரைத் தீர்த்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும் புதிர் கேச் ஒன்றை விடுவித்திருந்தால் திருத்திய எண்களை அதிலேயே ஏற்றிவிடலாம்.

அப்புறம் நிலத்தைப் பார்க்கும் வேலை. இதற்கு இணையத்தில் கால்டோப்போ என்ற வரைபடத் தளம் அருமையானது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் 1:24,000 வரைபடங்களை அதில் பார்க்கலாம், சரிவின் கோணத்தை நிறத்தால் காட்டும், தாளிலும் அச்சிட்டுக்கொள்ளலாம். கார்மின் கருவி வைத்திருப்பவர்கள் அந்த நிறுவனமே இலவசமாகத் தரும் பேஸ்கேம்ப் என்ற மென்பொருளில் கேச்களையும் நடைபாதையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். பாதையின் ஏற்ற இறக்கத்தைக் கோட்டுப்படமாகவும் காட்டும். குழந்தைகளோடு போகும்போது தூரத்தைவிட அந்த ஏற்றம்தான் முக்கியம். மூன்று கிலோமீட்டரில் 400 மீட்டர் ஏற வேண்டும் என்றால் வேறு இடம் பார்த்துவிடலாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் அரைநாளைக் காப்பாற்றும். பல கேச்களில் பெட்டியின் எண்களோடு வண்டி நிறுத்தும் இடத்தின் எண்களையும் தனியாகக் கொடுத்திருப்பார்கள். காரில் கிளம்பும்போது முதலில் அதற்குத்தான் வழி கேட்க வேண்டும். நேராகப் பெட்டிக்கு வழி கேட்டால் கார் மேப் உங்களை மலையின் பின்பக்கத்தில், பாதையே இல்லாத சாலையில், பெட்டியிலிருந்து 'வெறும் 300 மீட்டர்' தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

செல்போனில் போவதாக இருந்தால் ஆண்ட்ராய்டில் சிஜியோ என்ற திறந்த மூலச் செயலி இலவசம். ஐபோனில் கேச்லி நன்றாக இருக்கிறது. எதுவானாலும் கேச் பட்டியலையும் ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச வரைபடத்தையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கிவைத்துவிடுங்கள். பள்ளத்தாக்கிலும் டில்லமுக் காட்டிலும் போன் சிக்னல் பல இடங்களில் அறவே இருக்காது. ஜிபிஎஸ் மட்டும் வேலை செய்யும். மேப் இறங்கியிருக்காவிட்டால் வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளிதான் மிச்சம்.

பின் எதற்குத்தான் தனிக் கருவி? எனக்கு அதன் அருமை மழையில்தான் தெரிந்தது. அக்டோபரிலிருந்து மே வரை இங்கே தூறிக்கொண்டே இருக்கும். ஈரத் தொடுதிரையில் ஈர விரல் வேலை செய்யாது, கையுறை போட்டால் கேட்கவே வேண்டாம். பொத்தான் வைத்த கருவிக்கு அந்தக் கவலை இல்லை. பாறையில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்துவிட்டு நடக்கலாம். கார்மினின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் மாதிரிகள் இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும். பையில் இன்னும் இரண்டு பேட்டரி இருந்தால் அன்றைக்குக் கவலை இல்லை. போனின் பேட்டரி அவசரத்துக்கு அப்படியே இருக்கும். குழந்தைகளோடு காட்டுக்குள் போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டில் 22எக்ஸில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் அம்புக்குறி சரியான திசையைக் காட்டும், நின்றால் குழம்பும். 32எக்ஸில் திசைகாட்டி உண்டு, ஆனால் பேட்டரி மாற்றும்போதெல்லாம் அதைச் சீரமைத்துவிட வேண்டும். விலை வித்தியாசம் கட்டுப்படியானால் 32எக்ஸ் வாங்குங்கள். 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இயில் பேட்டரி ஒரு வாரம் ஓடும், ஆனால் கருவிக்குள் மேப் கிடையாது, போனோடு இணைத்துத்தான் மேப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன காரணத்தால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேப் உள்ள கருவியில் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை மைக்ரோ எஸ்டி அட்டை வழியாக இலவசமாக ஏற்றலாம். ஏற்றியதும் பழைய மேப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்துகொள்ளும்.

வாங்கியதும் மாற்ற வேண்டிய அமைப்புகள் இரண்டு மூன்றுதான். 'சாலையோடு ஒட்டு' என்ற பொருளில் ஒரு அமைப்பு இருக்கும், அதை அணையுங்கள். அது இருந்தால் நீங்கள் காட்டுக்குள் நிற்கும்போதும் பக்கத்துச் சாலையில் நிற்பதாகக் காட்டும். வாஸ் என்ற திருத்தச் சிக்னலைப் போட்டுவையுங்கள். பேட்டரி வகையைச் சரியாகக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று தவறாகக் காட்டும்.

இனி கடைசிப் பத்து மீட்டர். டக்ளஸ் ஃபர் மரங்களுக்கு அடியில், அல்லது பாறைச் சுவரை ஒட்டி நிற்கும்போது, வானத்தில் பாதி மறைந்துவிடும். செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டுத் தெறித்து தாமதமாக வரும். அதனால் கருவி உங்களை இங்கேயும் அங்கேயும் அலைக்கழிக்கும். அப்போது துரத்தாதீர்கள். 15 மீட்டர் தள்ளி ஓரளவு வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, அம்புக்குறி காட்டும் திசையில் ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுற்றி வந்து வேறொரு பக்கத்திலிருந்து அதையே செய்யுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் கருவியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தேடலாம்.

பெட்டியின் அளவை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். 'மைக்ரோ' என்றால் பழைய ஃபிலிம் டப்பா அளவு, 'ரெகுலர்' என்றால் ஷூ பெட்டி அளவு. காட்டில் இயல்பாக விழுந்த குச்சிகள் கண்டபடி கிடக்கும். ஒரு மரத்தடியில் ஒரே நீளத்துக் குச்சிகள் வரிசையாகக் கிடந்தால் அது யாரோ அடுக்கியது. "அப்பா, இங்க யாரோ அடுக்கி வெச்சிருக்காங்க!" என்று என் மகள் கத்தும்போது கருவி இன்னும் எட்டு மீட்டர் என்று காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் சின்னப் பொருட்களில் ஒன்றைக் குழந்தை எடுத்தால், அதற்கு ஈடாகவோ கூடுதலாகவோ மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் மட்டும் வைக்கக் கூடாது, விலங்குகள் மோப்பம் பிடித்துப் பெட்டியைக் கடித்துவிடும். கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று தளத்தில் பதிவு செய்துவிடுங்கள். பெட்டி தொலைந்திருந்தால் வைத்தவருக்கு அதை வைத்துத்தான் தெரியும்.

கருவி வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். இன்ரீச் வகைக் கருவிகள், ஜிபிஎஸ்மேப் 66ஐ, 67ஐ போன்றவை செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தியும் அவசர உதவி அழைப்பும் அனுப்பும். சிக்னல் இல்லாத காடுகளுக்கு மிகவும் நல்லவை. ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையில் இன்ரீச்சோடு பிடிபட்டு வழக்கில் சிக்கிய வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. அப்படி ஒன்றை வாங்கினால், விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது அதைப் போர்ட்லண்ட் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.