ரெண்டுக்கும் ஒண்ணு போடலாமா?

கேள்வி: கம்பத்துல இருந்து தினம் ஜீப்புல மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்காய் குடோனுக்கு போறேன், காய் பிரிக்கிற இடத்துல கணக்கு எழுதுறது என் வேலை. இப்ப ஆபீஸ்ல ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க, 'சூப்பர்வைசர் சொல்றத ஏன் கேக்குறீங்க'ன்னு அஞ்சு காரணம். போனஸ் அவர் கையில, கேக்கலன்னா வேலை போகும், அவர் பதவி அப்படி, வேலை தெரிஞ்சவர், மனுஷன் பிடிக்கும். ஒண்ணுல இருந்து அஞ்சு வரை வரிசை போடணுமாம். எங்க சேட்டன் வேலையிலயும் புலி, பழகவும் தங்கம். எதுக்கு ஒண்ணு போடுறது? (பேர் வேண்டாம், கம்பம்)

பதில்: தம்பி, குழப்பம் உங்களுக்கு இல்ல, அந்த பேப்பருக்குத்தான்.

அந்த அஞ்சும் 1959ல பிரெஞ்ச், ரேவன்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க பிரிச்சது. அப்புறம் வந்த சில பேர் இத அளக்கறேன்னு வரிசை போடச் சொன்னாங்க, அதுலதான் வம்பு. நீங்க ஏலக்காய்க்காரர், உங்களுக்கு சொல்லணுமா, காயோட கலர் தனி, சைஸ் தனி, லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் அளவு காயோட எடை) தனி. கலர் நல்லாருக்குன்னு ஒண்ணு போட்டதுக்காக வெயிட்டுக்கு ரெண்டுதான்னு யாராவது ஏலத்துல சொன்னா சிரிக்க மாட்டாங்களா? வரிசை போட்டா ஒண்ணு மேல ஏற இன்னொண்ணு இறங்கியே ஆகணும். இன்னொரு கூத்து, அஞ்சுலயுமே தேறாத ஒரு சூப்பர்வைசருக்கும் எதாவது ஒண்ணு முதல்ல வந்தே தீரும், அப்ப அவர் பேப்பரும் உங்க சேட்டன் பேப்பரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

இத சரி பண்ணத்தான் 1989ல ஹிங்கின், ஷ்ரீஷைம் ரெண்டு பேரும் 20 வாக்கியம் எழுதினாங்க, ஒரு காரணத்துக்கு நாலு, ஒவ்வொண்ணுக்கும் தனி மார்க். 1998ல ரேவனே இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து அஞ்ச பதினொண்ணா விரிச்சு 33 வாக்கியம் வச்சார். எனக்கு பிடிச்சது இதுதான், ஏன்னா சும்மா 'உங்க தலைவர் எப்படி'ன்னு கேக்காம, வேலைய வேற மாதிரி செய்யச் சொல்லி நீங்களும் செஞ்ச ஒரு சமயத்த மனசுல வச்சுக்கிட்டு பதில் போடச் சொல்லுது, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒண்ணுல இருந்து ஏழு வரை மார்க். 'முன்னாடி அவர் எனக்கு உதவினார், இப்ப எப்படி மறுக்க', 'பாவம், நம்மள நம்பி இருக்கார்', இதெல்லாம்கூட அதுல காரணம். உங்க ஜீப்பு மழையில லேட்டானப்ப சேட்டன் அரை நாள் கூலி பிடிக்காம விட்டிருந்தா அடுத்த வாரம் அவர் சல்லடைய மாத்தி திரும்ப சலிங்கன்னா வாய மூடிட்டு சலிப்பீங்கல்ல, அது அந்த அஞ்சுல எங்கயும் சரியா உக்காராது.

அதனால ரெண்டுக்கும் ஒண்ணே போட்டுட்டு, ஓரத்துல 'ரெண்டும் சமம்'னு எழுதிருங்க. தனித்தனியா மார்க் போட விடுங்கன்னு ஆபீஸ்ல கேட்டும் பாருங்க.

ஆனா பேப்பர திரும்ப வாங்குறது யாருன்னு நீங்க எழுதலயே? நான் முன்னாடி இருந்த ஒரு இடத்துல மேனேஜர் டேபிளுக்கு எதிர்லயே உக்கார வச்சு இப்படி ஒண்ண நிரப்பச் சொன்னாங்க, பத்து பேரும் 'மனுஷன் பிடிக்கும்'க்குத்தான் ஒண்ணு போட்டோம்.