எத்தனை தோட்டா மிச்சம்?

முன்னாள் படைவீரர் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழில் பதில் எழுதுபவர் பீரங்கிப் படையில் ரேடியோ ஆபரேட்டராகச் சேர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர். 1999 கார்கில் போரின்போது திராஸ் பகுதியில் இருந்தவர்.)

கேள்வி: பீரங்கிப் படை என்றால் பல கிலோமீட்டர் பின்னால் நின்று சுடுவதுதானே? நீங்கள் மலை ஏறிச் சண்டை போட்டதாகச் சொல்கிறீர்களே, எப்படி? – கல்லூரி மாணவர், விருதுநகர்

நியாயமான கேள்வி, தம்பி. போஃபர்ஸ் பீரங்கி 20 கிலோமீட்டருக்கு அப்பாலும் குண்டு எறியும். பீரங்கி நிற்கும் இடத்திலிருந்து பெரும்பாலும் இலக்கு தெரியாது. முன்னால் போய்க் கண்ணால் பார்த்து, குண்டு எங்கே விழுந்தது, எவ்வளவு தள்ளி விழுந்தது என்று சொல்ல ஆள் வேண்டும். அவர்கள்தான் ஓ.பி. (அப்சர்வேஷன் போஸ்ட்) பார்ட்டி. ஒரு ஆபீசர், கூட இரண்டு மூன்று பேர். காலாட்படை கம்பெனி ஏறும்போது நாங்களும் கூடவே ஏறுவோம். என் முதுகில் ரேடியோ செட், கையில் ரைபிள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் உதிரி பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வோம்.

திராஸ் ஊரே 3,200 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். சண்டை நடந்தது அதற்கும் மேலே. பாயின்ட் 4875, பாயின்ட் 5140 என்று படித்திருப்பாய். அந்த எண்கள் மீட்டரில் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் நம் மூச்சு சுருங்கும், குண்டோ சமவெளியில் போவதைவிடக் கூடுதல் தூரம் போய் விழும். தரையில் படித்த கணக்கை அங்கே அப்படியே போட முடியாது. 2022இல் பாயின்ட் 5140க்கு 'கன் ஹில்' என்று பெயர் வைத்தார்கள். பீரங்கிப் படைக்காரர்களுக்கான மரியாதை அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று பழைய கூட்டாளிகள் ஒருவர் விடாமல் போனில் பேசினோம்.

கேள்வி: அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறேன். பயமே இல்லாமல் இருக்க என்ன பயிற்சி செய்ய வேண்டும்? – வாசகர், தேனி

பயம் வரும். வராமல் இருக்கப் பயிற்சி கிடையாது. எனக்கு முதலில் வாய் உலர்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரேடியோவில் பேச வேண்டியவனுக்கு அது பெரிய ஆபத்து. அப்புறம் ஏறும்போதெல்லாம் சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் வைத்துக்கொண்டேன்.

நாசிக் ரோடு பயிற்சி மையத்தில் கண்ணைக் கட்டிவிட்டு ரேடியோ செட்டைக் கழற்றி மாட்டச் சொல்வார்கள். 'எதற்கு இந்தச் சித்திரவதை' என்று அன்று தோன்றியது. மலையில் இருட்டில், விரல் மரத்துப்போன நிலையில், என் கை தானாக அதைச் செய்தது. கைக்குப் பழகிய வேலை ஒன்று இருந்தால் பயம் இருந்துவிட்டுப் போகட்டும், வேலை நடக்கும். எனக்குப் பயமே கிடையாது என்று சொல்கிறவரின் பக்கத்தில் படுத்திருக்க நான் விரும்ப மாட்டேன். அப்படிப்பட்டவர் தலையைக் குனிய மாட்டார், உன் தலைக்கும் சேர்த்து ஆபத்து.

கேள்வி: எங்கள் தொழிற்சாலைப் பயிற்சி வகுப்பில் தலைமைப் பண்புக்கு எப்போதும் ராணுவத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். உண்மையில் குண்டு விழும்போது ஒரு தலைவர் என்னதான் செய்கிறார்? – சூப்பர்வைசர், ஓசூர்

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்தச் சிகரம், எந்த பட்டாலியன் என்று எழுதப்போவதில்லை. அந்த இரவு திரும்பி வராதவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது.

ஜூன் மாதம். இருட்டிய பிறகு ஏறத் தொடங்கினோம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, சில இடங்களில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற முடியும். விடிவதற்குக் கொஞ்சம் முன்பு, உச்சிக்குக் கீழே ஒரு பாறை விளிம்பில் மாட்டிக்கொண்டோம். மேலே கல் அடுக்கிக் கட்டிய அரண், 'சங்கர்' என்போம். அதற்குள்ளிருந்து மெஷின் கன் விடாமல் சுட்டது. முதல் ஐந்து நிமிடத்திலேயே கம்பெனி கமாண்டரான இளம் கேப்டனுக்குத் தொடையில் பட்டது. இரண்டு ஜவான்கள் அசையவே இல்லை. மற்றவர்கள் பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடந்தார்கள். சிலர் இலக்கே பார்க்காமல் மேல் நோக்கிச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு ஹவில்தார் தவழ்ந்து வந்தார். மலைநாட்டுக்காரர், எங்களில் மூத்தவர். அவர் யாரையும் திட்டவில்லை, 'முன்னேறு' என்றும் கத்தவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் போய், தோளில் கை வைத்து, "கித்னா பச்சா?" என்று கேட்டார். எத்தனை தோட்டா மிச்சம் என்று கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் சுடுவதை நிறுத்தி மேகசீனைத் தொட்டு எண்ண வேண்டும். கண்மூடித்தனமாகச் சுட்டுக்கொண்டிருந்த பையன் எண்ணத் தொடங்கியதும் அவன் மூச்சு நிதானமாவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அடுத்தவனிடம் போகும்முன் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை சொன்னார். நீ அந்தப் பிளவை மட்டும் பார். நீ கேப்டன் சாபின் காயக்கட்டை இறுக்கிப் பிடி. என்னிடம் வந்து, "ரேடியோ?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "பேட்டரி?" என்றார். மாற்றிவிட்டேன் என்றேன்.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்குப் புரியவே சில வருடங்கள் ஆயின. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அடிபட்ட கேப்டனிடம் தவழ்ந்து போய் ரிப்போர்ட் கொடுத்தார். இத்தனை பேர் நலம், இவ்வளவு தோட்டா, இன்னது செய்யப்போகிறோம், அனுமதி உண்டா சாப்? கேப்டனால் சரியாகப் பேசக்கூட முடியவில்லை, தலையை மட்டும் அசைத்தார். உண்மையில் முடிவெடுத்தவர் ஹவில்தார்தான். ஆனால் கமாண்டர் இன்னும் இருக்கிறார், கம்பெனி இன்னும் கம்பெனிதான் என்பது அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிந்தது. தன்னைத் தலைவராகக் காட்டிக்கொள்ள அவருக்கு அந்த நேரத்தைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. அவர் அதைத் தொடவே இல்லை.

எங்கள் ஓ.பி. ஆபீசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கருக்கும் எங்களுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அவ்வளவு அருகில் குண்டு கேட்பதை 'டேஞ்சர் குளோஸ்' என்போம். ஒரு இலக்கம் தப்பினால் நம் தலையிலேயே விழும். இந்த மாதிரி நேரத்தில் மனிதன் இயல்பாகவே வேகமாகப் பேசுவான். அவர் ஒவ்வொரு முறையும் பேசுவதற்கு முன் ஒரு மூச்சை முழுதாக இழுத்து விட்டார். அப்புறம் இலக்கங்களை ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைபோல் சொன்னார். நான் ரேடியோவில் அதைச் சொல்ல, கீழே பீரங்கித் தளத்தில் திருப்பிச் சொல்வார்கள்; அதையும் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் "ஃபயர்" என்றார். மேலே சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஜவான்கள் 'சீக்கிரம் சாப்' என்கிறார்கள், அவர் அந்த ஒரு மூச்சை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிக் குண்டு விழுந்த புகை கலைவதற்குள் ஹவில்தார் எட்டுப் பேரோடு மேலே போய்விட்டார்.

உங்கள் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லுங்கள்: அந்த ஹவில்தாரின் பேச்சை அன்று எல்லாரும் கேட்டதற்குக் காரணம் அன்று காலை நடந்தது மட்டும் இல்லை. அதற்கு முந்தைய வாரங்களில் யாருடைய கையுறை கிழிந்திருக்கிறது, யாருக்கு வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். லங்கரில் (படையின் சமையற்கூடத்தில்) கடைசியாகத் தட்டு நீட்டுபவர் அவர். சம்பளத் தேதியில் மட்டும் தொழிலாளியின் பெயரைப் பார்க்கிற மேலாளர் இயந்திரம் பழுதான அன்று போய்த் தோளில் கை வைத்தால், அந்தக் கைக்கு எந்தப் பொருளும் இருக்காது.

கேள்வி: சினிமாவில் வருவதுபோல் தாக்குதலுக்கு முன் ஆவேச உரை எல்லாம் உண்டா? – வாசகி, கும்பகோணம்

நான் கேட்டதில்லை. தண்ணீர் பாட்டில் நிரம்பியிருக்கிறதா, சாக்ஸ் காய்ந்திருக்கிறதா, வீட்டுக்கு எழுதிவிட்டாயா, இவைதான் கேட்டேன். ரெஜிமென்டின் போர்முழக்கம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு'. ஆனால் அது கடைசிச் சில மீட்டரில் வருவது.

கேள்வி: திருச்சியில் மேஜர் சரவணன் நினைவிடத்தைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்குப் போகிறேன். மாணவர்களுக்கு அவரைப் பற்றி என்ன சொல்வது? – ஆசிரியை, திருச்சி

நான் இருந்தது திராஸில், அவர் போரிட்டது படாலிக்கில். அதனால் நேரில் பார்த்ததில்லை. மேஜர் மாரியப்பன் சரவணன், 1 பீகார் பட்டாலியன். 1999 மே 28 இரவு ஜூபர் மலைப்பகுதியில் பாயின்ட் 4268ஐப் பிடிக்கக் கிளம்பிய அணிக்குத் தலைமை ஏற்றவர். போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மேலே எத்தனை பேர், என்ன ஆயுதத்தோடு இருக்கிறார்கள் என்பதே சரியாகத் தெரியாத நேரம். ராக்கெட் லாஞ்சரால் எதிரி பங்கரைத் தாக்கினார். காயம்பட்ட பிறகும் பின்வாங்கவில்லை. 29ஆம் தேதி காலையில் உயிரிழந்தார். அதே தாக்குதலில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் வீழ்ந்தார். இருவருக்கும் வீர் சக்ரா கிடைத்தது.

மேஜரின் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பிள்ளைகளிடம் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தம் மேஜர் மேலே கிடக்கிறார் என்று தெரிந்தும், எடுக்கப் போனால் இன்னும் பலரை இழப்போம் என்று கணக்குப் பார்த்துக் காத்திருப்பது எப்படிப்பட்ட வேதனை என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பதக்கமும் அந்தக் காத்திருப்புக்குக் கிடையாது. கார்கிலில் நாம் இழந்தவர்கள் 527 பேர். சரவணனைச் சொல்லும்போது கணேஷ் பிரசாத் யாதவின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள், டீச்சர்.

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரவில் திடுக்கிட்டு எழுகிறார். தீபாவளிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால் 'ஒன்றுமில்லை' என்கிறார். – வாசகி, வேலூர் மாவட்டம்

சகோதரி, இது அவருடைய கோழைத்தனமும் இல்லை, உங்கள் மேல் உள்ள வெறுப்பும் இல்லை. சண்டை பார்த்த பலருக்கு வருவதுதான். வைத்தியம் இருக்கிறது.

'என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று வற்புறுத்தாதீர்கள். தூக்கத்தில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். கால்மாட்டில் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், விளக்கைப் போடுங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே தெருப்பிள்ளைகளிடம் பேசி, எந்த நேரத்தில் வெடிப்பார்கள் என்று கேட்டு அவரிடம் சொல்லிவையுங்கள். எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராததைவிடத் தாங்கக்கூடியது. பழைய யூனிட் ஆட்கள் பக்கத்து ஊரில் இருந்தால் வீட்டுக்கு அழையுங்கள். உங்களிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்லக்கூடும். அதில் மனம் வருந்த வேண்டாம்.

அவர் ஓய்வூதியம் பெறுபவர் என்றால் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருக்கலாம். அந்த பாலிகிளினிக்கில் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அட்டை இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். குடி கூடினாலோ, 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். கிளம்ப முடியாத நேரம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.

மருத்துவரிடம் அவரைத் தனியாக அனுப்ப வேண்டாம், நீங்களும் உள்ளே போங்கள். போவதற்கு முன் இரண்டு வாரத்துக்கு, எந்த இரவு எத்தனை மணிக்கு எழுந்தார், மறுபடி தூங்கினாரா என்று ஒரு நோட்டில் குறித்து எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்டால் அவர் கட்டாயம் குறைத்துத்தான் சொல்வார்.