இரண்டாம் முறை ஜெயித்த தலைவருக்கு மக்கள் ஆதரவு ஏன் பாதியிலேயே நிற்கிறது?

"தலைவர் வேலை பார்க்கும் விதம் சரியா?" என்று கேட்டால் 'சரி' என்பவர்களின் சதவீதம்தான் ஆதரவு விகிதம். அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அதிபர்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் இதைக் கேட்டுவந்தது.

வியாசர்பாடியில் ஃபுட்பால் மேட்ச் முடிந்ததும் "ரெஃப்ரி எப்படி?" என்று கேளுங்கள். ஜெயித்த டீம் பசங்க 'சூப்பர்' என்பார்கள், தோற்றவர்கள் திட்டுவார்கள். கட்சிப்படி பிளந்த நாட்டிலும் இதே கதைதான். இரு பக்கமும் பதில் தயார். நடுவில் இருக்கும் சிலர்தான் மாறுவார்கள். புதிதாக வந்தவருக்குக் கிடைக்கும் "பார்ப்போமே" என்ற சலுகையும் இரண்டாம் முறை கிடைக்காது.

சொந்தப் பக்கமும் சலித்தால்தான் பெரிய சரிவு. 2004-ல் 50.7% ஓட்டோடு மீண்டும் வந்த ஜார்ஜ் புஷ், ஈராக் போர், கத்ரீனா புயல், நிதி நெருக்கடி என்று அடிமேல் அடி வாங்கி, 2008 அக்டோபரில் கேலப் கணக்கில் 25%-க்கு இறங்கினார்.

ஆயிரம் பேரிடம் எடுக்கும் கணிப்பில் 3 புள்ளி முன்னே பின்னே இருக்கும். 46, 44 ஆனதை டீக்கடையில் அலசுவது வெட்டி வேலை.

ஆதரவு 42% என்றால் மீதி 58 பேரும் எதிர்க்கட்சிக்கே ஓட்டுப் போடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கருத்து சொல்லாதவர்களும், "இவர் இன்னும் கறாராக இருக்கணும்" என்று கோபப்படும் சொந்தக் கட்சிக்காரர்களும் அந்த 58-க்குள்தான் இருக்கிறார்கள்.