குட்டையை ஆழப்படுத்தினால் கலங்கல் குறையுமா?

கேள்வி: கட்டுமான இடத்திலிருந்து வரும் மழைநீரில் உள்ள மண் படிவதற்காக 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் குட்டை வெட்டியிருக்கிறோம். நீர் நுழையும் குழாயும் வெளியேறும் குழாயும் ஒரே மூலையில் இருக்கின்றன. பெருமழையின்போது நீர் கலங்கலாகவே வெளியேறுகிறது. இன்னும் ஒரு மீட்டர் ஆழப்படுத்தலாமா? குட்டை வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்காணிப்பது?

பதில்: ஆழப்படுத்துவதற்குச் செலவு செய்யாதீர்கள். ஆழம் கூடினால் நீர் தங்கும் நேரம் கூடும், உண்மைதான். ஆனால் மண்துகள் விழவேண்டிய தூரமும் அதே அளவு கூடிவிடும். படிவதைத் தீர்மானிப்பது நீர்ப்பரப்பு. நொடிக்கு 100 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.1 கன மீட்டரை உங்கள் 300 சதுர மீட்டரால் வகுத்தால் நொடிக்கு 0.33 மில்லிமீட்டர். ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர் விட்டமுள்ள துகள் விழும் வேகம் அது. அதைவிடப் பொடியானவை ஓரளவுதான் படியும். மிச்சம் வெளியே போய்விடும். ஆழத்தால் வேறு பயன் உண்டு: வண்டல் சேர இடம் கிடைக்கும், படிந்தது மறுபடி கிளம்பாது.

இந்தக் கணக்கும் நீர் குட்டை முழுக்கப் பரவி நகர்ந்தால்தான் செல்லும். உங்கள் குட்டையில் நீர் குறுக்குவழியில் பாய்ந்து உடனே வெளியேறிவிடுகிறது; பாதிக் குட்டை சும்மா கிடக்கும். வெளிக்குழாயை எதிர்க்கோடிக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் நடுவே தடுப்புகள் வைத்து நீரை வளைந்து போக விடுங்கள். பாதையின் நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது இருப்பது நல்லது. நுழைவாயிலில் சிறு முன்குட்டை ஒன்று இருந்தால் மணல் அங்கேயே நின்றுவிடும், வாருவதும் சுலபம். வெளிக்குழாய் அடிநீரை இழுக்காமல் மேல்நீரை எடுக்க வேண்டும். கரை உடையாமலிருக்க, மிகுநீர் வழிந்தோடத் தனியாகக் கலிங்கு கட்டாயம்.

அப்புறம், ஒரு கண்ணாடிக் குடுவையில் 20 செ.மீ. உயரத்துக்குக் கலங்கல் நீரை எடுத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அடிவரை கலங்கியே இருந்தால், மிதப்பவை பெரும்பாலும் 0.008 மில்லிமீட்டருக்கும் சிறியவை. களிமண்ணாகவே இருந்தால் குட்டையை மட்டும் நம்பிப் பயனில்லை. 0.002 மில்லிமீட்டர் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கவே மூன்று நாளுக்கு மேல் ஆகும். வெட்டிப்போட்ட மண்ணை வைக்கோலாலோ புல்லாலோ மூடி, மண் கிளம்பாமல் தடுப்பதுதான் வழி. நுண்துகள்களை ஒன்றுசேர்த்துப் படியவைக்கும் படிகாரம் போன்ற திரட்டிகளும் உதவும். ஆனால் அளவு பிசகினால் நீர் போய்ச் சேரும் இடத்திலுள்ள மீன்களுக்கு ஆபத்து. சோதித்துப் பார்க்காமல் கொட்டாதீர்கள்.

கண்காணிப்பில் பலரும் தவறுவது நேரத்தில்தான். மழை ஓய்ந்தபின் ஒரு பாட்டில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. நீர் ஏறும்போது, உச்சத்தில், வடியும்போது என்று நுழைவிலும் வெளியேற்றத்திலும் மாதிரி எடுங்கள்; கூடவே நீரோட்ட அளவையும் குறித்தால்தான் எத்தனை கிலோ மண் வந்தது, எவ்வளவு போனது என்று சொல்ல முடியும். கலங்கல் மானி வசதியானது. ஆனால் ஒரே எடை மண்ணுக்கு அது மணலில் ஒன்று காட்டும், களிமண்ணில் வேறொன்று காட்டும். அதனால் சில மாதிரிகளை ஆய்வகத்தில் வடிகட்டி எடைபோட்டு, மானி காட்டும் அளவு உங்கள் மண்ணில் எவ்வளவு எடைக்குச் சமம் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

அடியில் ஓர் அளவுகோலை நட்டு வையுங்கள். வண்டலுக்கு ஒதுக்கிய கொள்ளளவில் பாதி நிறைந்ததும் தூர் வார வேண்டும். வாரிய மண்ணைக் கரைமேல் குவித்தால் அடுத்த மழையில் அது திரும்பக் குட்டைக்கே வந்துவிடும்.